வாழ்விடம் தேடிய அரசப் பற்றாளர்

ஒரு நாடு விடுதலை பெறும்போது மகிழ்ந்தோரைப் பற்றி வரலாறு மிகுதியாகப் பேசும். அப்போது வீடிழந்தோரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிரித்தானியருக்கு உட்பட்டிருந்த பதின்மூன்று குடியேற்றங்கள் 1776ஆம் ஆண்டு விடுதலையை அறிவித்தன. ஆயினும், அங்கு வாழ்ந்தோர் அனைவரும் அதனை ஏற்கவில்லை. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சியே நீடிக்க வேண்டும் எனக் கருதியோரும் இருந்தனர். அவர்களை அரசப் பற்றாளர் என்பர். உழவர், வணிகர், கைவினைஞர் எனப் பல தரத்தினரும் அவர்களுள் அடங்குவர். அண்டை வீட்டாரே அவர்களைப் பகைவராக எண்ணினர். சிலர்மீது தார் பூசி, இறகு ஒட்டி இழிவுபடுத்தினர். பலருடைய வீடும் நிலமும் பறிமுதல் செய்யப்பட்டன.

1783ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையால் போர் முடிவுற்றது. அரசப் பற்றாளர் பலருக்குத் திரும்பிச் செல்ல வீடில்லை. பிரித்தானிய அரசுக்கோ, தன்னிடம் எஞ்சிய வடபகுதியில் நம்பிக்கைக்குரிய குடிமக்கள் தேவைப்பட்டனர். எனவே, அவ்வரசு கப்பல்களும் உணவும் கருவிகளும் தந்து அவர்களைக் குடியமர்த்தியது. குடும்பத் தலைவருக்கு 100 ஏக்கரும், உடன் வரும் ஒவ்வொருவருக்கும் 50 ஏக்கரும் வழங்க ஆணையிட்டது.

ஏறத்தாழ 30,000 பேர் நோவா ஸ்கோஷியாவை அடைந்தனர். செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் குடியேறியோர், தொலைவிலிருந்த ஹாலிஃபாக்ஸ் நகரின் ஆட்சியை விரும்பாது, தனி ஆட்சி வேண்டினர். அதனால் 1784இல் நியூ பிரன்ஸ்விக் தோன்றியது. கியூபெக்கின் மேற்குப் பகுதியில் குடியேறியோர், அங்கு வழங்கிய பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை விடுத்து ஆங்கிலச் சட்டத்தைக் கேட்டனர். அதனால் 1791இல் மேல் கனடா உருவாயிற்று. அதுவே இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதி.

எனினும், கொடுத்த வாக்கு எல்லார்க்கும் ஒன்றுபோல் நிறைவேறவில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுதலை தருவதாகக் கூறியதை நம்பிப் பிரித்தானியர் பக்கம் சேர்ந்த கறுப்பின மக்கள் ஏறத்தாழ 3,000 பேர் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்தனர். அவர்களுள் பலருக்கு நிலமே கிட்டவில்லை. கிட்டியோருக்கும் வளமற்ற சிறு நிலமே கிட்டியது. 1792இல் ஏறத்தாழ 1,200 பேர் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குக் கப்பலேறினர். மேலும், புதிய குடியேற்றங்கள் எழுந்த நிலம் ஆளில்லா நிலமன்று. மிக்மாக் முதலிய தொல்குடியினர் வழிவழியாக வாழ்ந்த நிலம். வீடிழந்து வந்தோருக்கு வீடு அமைந்தபோது, அங்கிருந்தோர் தம் நிலத்தை இழந்தனர்.

மன்னர்மீது கொண்ட பற்று மட்டுமே குடியேற்றங்களை அமைக்கவில்லை. இழப்பும் அச்சமும் நிலத்தின் தேவையும் தமக்குப் பழகிய சட்டத்தின்கீழ் வாழும் விருப்பமும் சேர்ந்தே அவற்றை அமைத்தன.

சொற்பொருள்
பறிமுதல் – அரசு உடைமையைக் கைப்பற்றுதல்
தளை – கட்டு, விலங்கு
தொல்குடியினர் – ஒரு நிலத்தின் முதற்குடிகள்

பயிற்சி
1. அரசப் பற்றாளர் தம் ஊரைவிட்டு நீங்கியது ஏன்?
2. நியூ பிரன்ஸ்விக் தனியாகப் பிரிந்ததன் காரணம் யாது?
3. பிரித்தெழுதுக: வீடிழந்து, ஆற்றங்கரை.
4. உங்கள் குடும்பத்தார் ஊர்விட்டு ஊர் வந்த காரணத்தைக் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.