பூவைத் தேடி மட்டுமல்ல, இலையைத் தேடியும்

எங்கள் நடுநிலைப் பள்ளியில் முதன்முதலாக வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போட்டபோது சாமந்தி, செம்பருத்தி, இட்லிப்பூ என்று பூச்செடிகளாகவே நட்டோம். பூச்சிகள் வந்தன, தேன் குடித்தன, போய்விட்டன. ஒரு முட்டைகூடக் கண்ணில் படவில்லை. அறிவியல் ஆசிரியரான எனக்கே காரணம் விளங்கவில்லை.

ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தீப்பெட்டியில் ஒரு புழுவைக் கொண்டுவந்தாள். பார்ப்பதற்குக் காக்கை எச்சம் போலிருந்தது. "எங்க வீட்டுக் கறிவேப்பிலையில இருந்துச்சு சார். அம்மா நசுக்கப் போனாங்க, எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள். நான் அதைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, கைக்குக் கிடைத்த செம்பருத்தி இலைகளை வைத்தேன். மூன்றாம் நாள் புழு செத்துக் கிடந்தது. இலையில் ஒரு கடி கூட இல்லை. "கறிவேப்பிலை போட்டிருக்கணும் சார்" என்று மட்டும் சொன்னாள். பிழை என்னுடையது.

தேன் தரும் செடி வேறு, புழு தின்னும் செடி வேறு. பெண் வண்ணத்துப்பூச்சி இலைமேல் அமர்ந்து, கால்களாலேயே சுவை பார்த்து, தன் குஞ்சுக்கு ஏற்ற இலைதானா என்று உறுதி செய்த பிறகே முட்டையிடும். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவற்றில் வளரும் புழுக்கள் முதலில் பறவை எச்சம் போலவும், கடைசி நிலையில் பச்சையாகவும் இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவட்டை போன்ற சிவப்பு உறுப்பை நீட்டி ஒரு நெடியை வீசும். என் மாணவர்களுக்கு இதைவிடப் பிடித்த பாடம் வேறில்லை.

எருக்கில் வெந்தய வரியன், ஆவாரையிலும் கொன்றையிலும் மஞ்சள் நிறப் பூச்சிகள், ஆமணக்கில் இன்னொன்று. நாம் களை என்று பிடுங்குபவற்றில் பாதி இவற்றின் வீடுகள். 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் பெயரை எல்லாக் குழந்தைகளும் பொது அறிவு வினாவில் சரியாகச் சொல்கிறார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. பள்ளிச் சுவரோரம் எருக்கில் இருக்கும் வரியனைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே, வீட்டில் தோட்டம் போட இடம் வேண்டும் என்பதில்லை. மாடியில் வெயில் படும் இடத்தில் இரண்டு தொட்டிக் கறிவேப்பிலை போதும். ஏன் இரண்டு? ஒரு பெற்றோர் கேட்டார்: "குழம்புக்கு இலை வேண்டாமா சார்?" நியாயம்தான். வளர்ந்த புழுக்கள் சிறு செடியை மொட்டையாக்கிவிடும். ஒன்று சமையலுக்கு, ஒன்று புழுக்களுக்கு என்று பிரித்துக்கொண்டோம். பூச்சிமருந்து வேண்டாம், வேப்பெண்ணெய்க் கரைசலும் புழுக்களைப் பாதிக்கும். ஒரு தட்டில் ஈரமணலும் சிட்டிகை உப்பும் வைத்தால் ஆண் பூச்சிகள் உறிஞ்ச வரலாம். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்பதையும், மயிருள்ள புழுக்களைத் தொடக்கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வகுப்பில் தின்ற இலையின் பரப்பளவை வரைபடத்தாளில் கட்டம் எண்ணிக் கணக்கிடுகிறோம். கணக்கு ஆசிரியர் இதைத் தம் பாடத்துக்கே எடுத்துக்கொண்டுவிட்டார்.

சென்ற ஆண்டு ஒரு கூட்டுப்புழுவில் சிறு துளை விழுந்து, எறும்பளவுக் குளவிகள் கூட்டமாக வெளியே வந்தன. குளவி புழுவிலோ கூட்டுப்புழுவிலோ முட்டையிடும், அதன் குஞ்சுகள் உள்ளிருந்தே தின்னும் என்று விளக்கினேன். ஒரு சிறுவன் அழுதான். "நாம காப்பாத்தியிருக்கலாமா சார்?" என்று கேட்டான். குளவிக்கும் குஞ்சு உண்டு என்றேன். அவன் சமாதானமாகவில்லை. மறுநாள் பாட்டிலைக் கழுவி, வாயில் மெல்லிய வலைத்துணி கட்டிக் கொண்டுவந்தான். உள்ளே ஒரு புழுவும், அது தின்னக் கறிவேப்பிலைக் கொத்தும் இருந்தன.