எண்ணெய் மேலே, சீனி கீழே: உடம்புத் தேய்ப்பைக் கெட்டியாக்குவது எப்படி?

தொழில் பயிற்சிப் பாடம்



இந்த மாதப் பாடத்தை என்னுடைய தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வல்லத்திராக்கோட்டையில் ஒரு குழுவுக்கு உடம்புத் தேய்ப்பு செய்யச் சொல்லிக் கொடுத்தது நான்தான். கடையில் 'ஸ்க்ரப்' என்று டப்பாவில் விற்கிறார்களே, அதுதான். சீனி இரண்டு பங்கு, தேங்காய் எண்ணெய் ஒரு பங்கு, ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சள், அவ்வளவுதான் செய்முறை. மார்கழி மாதம், காலை ஏழு மணிக்கு, கோயில் பக்கத்து கொட்டகையில் உட்கார்ந்து கலக்கினோம். எண்ணெய் நெய் மாதிரி உறைந்து, தேய்ப்பு அழகாக நின்றது. எல்லோரும் கையில் தேய்த்துப் பார்த்து சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் பெருமைதான்.

சித்திரைத் திருவிழாவுக்கு நாற்பது டப்பா போட்டார்கள். உள்கடன் எடுத்துத்தான் எண்ணெயும் டப்பாவும் வாங்கினார்கள். கடை விரிக்கும்போது பார்த்தால் ஒவ்வொரு டப்பாவிலும் எண்ணெய் இரண்டு விரல் உயரத்துக்கு மேலே நிற்கிறது, சீனி அடியில் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. பஸ்ஸில் கொண்டு போனபோது பை நனைந்து, பக்கத்தில் நின்றவர் வேட்டியெல்லாம் எண்ணெய். "என்னம்மா, விளக்குக்கு எண்ணெய் கொண்டு போறீங்களா?" என்று கண்டக்டர் கேட்டாராம். பாதிக்கு மேல் திரும்பி வந்தது. கடனை அந்த அக்காமார் நூறு நாள் வேலைக் கூலியில் இருந்து கட்டி முடித்தார்கள். அதனால்தான் இந்தப் பாடத்தைச் சரியாக எழுதணும் என்று நினைத்தேன்.

ஏன் பிரிகிறது?

சீனி தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயைவிட கனமும் அதிகம். அதனால் மெதுவாக அடியில் இறங்கிவிடும். உப்பு போட்டாலும் இதே கதிதான். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், அதற்கு மேல் உருகும். நம்ம ஊரில் மார்கழி, தை காலையில் தவிர மற்ற நாளெல்லாம் அது தண்ணியாகத்தான் இருக்கும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் எந்த மாதத்திலும் உறையாது. நான் பனிக்காலத்தில் செய்து காட்டியதுதான் தவறு. சித்திரை வெயிலில் நிற்குமா என்று பார்க்கவே இல்லை.

முதல் வைத்தியம் எதையும் சேர்ப்பது இல்லை, எண்ணெயைக் குறைப்பது. சீனி நனைகிற அளவுக்கு எண்ணெய் போதும். பிடித்தால் பிடிபடணும், விட்டால் லேசாக உதிரணும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயலில் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையெல்லாம் சாய்ந்த பிறகு தேங்காய் எண்ணெயை யாரும் தாராளமாக ஊற்றுவது இல்லை, அது உங்களுக்கே தெரியும். சீனியையும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக்கொண்டால் நல்லது. பொடி எண்ணெயை அதிகம் பிடிக்கும், உடம்பையும் கீறாது.

மாவு சேர்ப்பது

குழம்பு தண்ணியாக இருந்தால் அரிசி மாவு கரைத்து ஊற்றுகிறோம், கெட்டியாகிறது. அதே மாதிரி எண்ணெயிலும் ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. குழம்பில் மாவு தண்ணீரையும் சூட்டையும் வாங்கி ஊதுகிறது, அதனால் கெட்டியாகிறது. எண்ணெயில் தண்ணீர் இல்லை, மாவு ஊதவே ஊதாது. எண்ணெயைத் தன் மேல் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எனவே எண்ணெயில் போட்டு அடுப்பில் கிண்டிப் பிரயோஜனம் இல்லை. மாவு எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு எண்ணெய் பிடிக்கும். ரவை பதத்தில் இருந்தால் அது தேய்க்கத்தான் உதவும், எண்ணெயைப் பிடிக்காது.

என் கணக்கில் நமக்கு முதல் இடம் பச்சைப் பயறு மாவுக்குத்தான். நம்ம அப்பத்தாக்கள் பிள்ளைகளுக்குத் தேய்த்ததும் அதுதான். எண்ணெயையும் பிடிக்கும், குளிக்கும்போது பிசுக்கையும் கொஞ்சம் எடுக்கும். கடலை மாவும் அப்படியே. அரிசி மாவு கொஞ்சம் கரகரப்பு, வறண்ட உடம்புக்கு அதை மட்டும் போட வேண்டாம். 200 கிராம் சீனி, 100 மில்லி எண்ணெய் என்றால் பயறு மாவு மூன்று நான்கு பெரிய ஸ்பூன், ஒவ்வொன்றாகப் போட்டு அதிரச மாவு பதம் வந்ததும் நிறுத்துங்கள். மொத்தமாகக் கொட்டினால் மறுநாள் இறுகி, கரண்டி இறங்காது.

பயறை நன்றாகக் காய வைத்து அரைக்கணும், நைஸ் சல்லடையில் சலிக்கணும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் வரும், காயாத பயறில் வண்டு வரும். மிளகாய் அரைத்த மெஷினில் அடுத்ததாக உங்கள் பயறைப் போட்டுவிடாதீர்கள். ஒரு அக்கா போட்டு, குளித்த பிறகு ஒரு மணி நேரம் தண்ணித் தொட்டியை விட்டு வெளியே வரவில்லை.

முல்தானி மட்டியும் எண்ணெயை நன்றாக உறிஞ்சும். இரண்டு ஸ்பூன் போதும். ஆனால் உடம்பை வறட்டும், எண்ணெய் வழிகிற சருமத்துக்குத்தான் சரி. "மட்டிதானே, நம்ம புற்று மண், கண்மாய் வண்டல் இருக்கே?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். வேண்டவே வேண்டாம். தெரு மண்ணிலும் வயல் மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கலாம், கையில் சின்ன வெட்டு இருந்தாலும் ஆபத்து.

தேன்மெழுகு

மாவு எண்ணெயைப் பிடித்து வைக்கும், ஆனால் நாள்பட மாவும் கொஞ்சம் அடியில் இறங்கும். வெயிலிலும் பிரியாமல் நிற்கணும் என்றால் தேன்மெழுகுதான் கைகொடுக்கும். அது 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், நம்ம சித்திரை வெயில் அதை ஒன்றும் செய்யாது. எண்ணெய்க்குள் வலை பின்னின மாதிரி நின்று, சீனியை இறங்க விடாது.

அளவு முக்கியம். 100 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் மெழுகு போட்டால் தைலம் மாதிரி இறுகிவிடும், உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டும். 8, 10 கிராம் போதும். மாவும் சேர்ப்பதாக இருந்தால் 5, 6 கிராமே போதும். எங்களுக்குப் பிடித்தது இந்தக் கலப்புதான்: எண்ணெய் 100 கிராம், மெழுகு 6 கிராம், பயறு மாவு இரண்டு ஸ்பூன், பொடித்த சீனி 200 கிராம்.

மெழுகை நேரே அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் இன்னொரு பாத்திரம் வைத்து எண்ணெயும் துருவிய மெழுகும் போட்டு உருக்குங்கள். இறக்கிய பிறகு கிண்டிக்கொண்டே ஆற விடணும். சூடாக இருக்கும்போதே சீனியைக் கொட்டினால் பழைய கதைதான், அடியில் போய் உட்கார்ந்துவிடும். எண்ணெய் கலங்கி, கரண்டியில் ஏடு மாதிரி ஒட்ட ஆரம்பிக்கும் பாருங்கள், அப்போது மாவையும் சீனியையும் போட்டுக் கிளறணும். பதம் பார்க்க, உருக்கியதில் ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு ஆறவிடுங்கள். விரலால் தொட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்கினால் சரி. கட்டியாக நின்றால் எண்ணெய் கொஞ்சம் சேர்க்கலாம்.

மெழுகு எங்கே கிடைக்கும்? தேனீ வளர்க்கிறவர்களிடம் கேளுங்கள். குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பு பெரிய தொழில், அங்கே நல்ல மெழுகு வாங்கலாம். நீலகிரியில் கோத்தகிரியை மையமாக வைத்து 1993-ல் தொடங்கிய கீஸ்டோன் நிறுவனம், மலைத்தேன் எடுக்கும் பழங்குடி மக்களோடு வேலை செய்கிறது. 2013-ல் அந்த மக்களே ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று தொடங்கினார்கள். தேன் எடுத்த பிறகு வீணாகிற மெழுகை உருக்கி வடிகட்டி, தைலமும் சோப்பும் செய்கிறார்கள். நம்மைப் போன்ற பெண்கள்தான் அதைச் செய்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு நம்பிக்கை வந்தது.

மலிவு என்று வீட்டு மெழுகுவத்தியை உருக்கிப் போடாதீர்கள். அதில் என்ன சாயம், என்ன வாசனை என்று யாருக்கும் தெரியாது. சில செய்முறைகளில் வெண்காரம் சேர்க்கச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம்.

இலுப்பையும் அரப்பும்

நம்ம கோயில் தோப்புகளில் இலுப்பை மரம் இன்னும் நிற்கிறது. இலுப்பை எண்ணெய் பனிக்காலத்தில் வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனால் கோடையில் இதுவும் இளகிவிடும். கெட்டிக்கு இதை மட்டும் நம்ப முடியாது. வாடையும் எல்லோருக்கும் பிடிக்காது.

இலுப்பைப் புண்ணாக்கு, உசிலை இலையில் செய்யும் அரப்பு இரண்டும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க நல்லவை. தேய்ப்பில் ஒரு ஸ்பூன் கலந்தால் சீயக்காய் தனியாக வேண்டாம். கண்ணில் பட்டால் எரியும், முகத்துக்கு வேண்டாம். இலுப்பைப் புண்ணாக்கு மீனைக் கொல்லும், அதனால் தேய்த்துவிட்டு குளத்தில் போய் இறங்காதீர்கள்.

தண்ணீர் உள்ள பொருள்

கற்றாழை, தயிர், பால், ஊறவைத்த ஆளி விதை, எலுமிச்சைச் சாறு. இவை எல்லாமே கெட்டியாக்குகிற மாதிரி தெரியும். ஆனால் தண்ணீர் வந்தால் சீனி கரையும், கிருமியும் வரும். நாங்கள் இரண்டாவது தடவை கற்றாழை போட்டு முயற்சி செய்தோம், ஆறாவது நாள் மூடியைத் திறந்தால் பூஞ்சணம். இவற்றை அன்றைக்கே குளிக்கிற அளவுக்குக் கிண்ணத்தில் கலந்து முடித்துவிடணும். எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு வெயிலில் வேலைக்குப் போனால் தோல் கருத்து, கொப்பளம்கூட வரும். தேன் எண்ணெயில் சேராது, கனமாக அடியில் போய்விடும்.

தண்ணீர் இல்லாத தேய்ப்பையும் ஈரக் கையால் எடுக்காதீர்கள், காய்ந்த கரண்டி போடுங்கள். மாவும் எண்ணெயும் சேர்ந்தால் காறல் வாடை அடிக்க ஆரம்பிக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஆதனக்கோட்டை பக்கம் முந்திரி வறுக்கிற அக்காமாருக்கு ஒரு வார்த்தை. முந்திரி உடைக்கும்போது விழுகிற தூளை "இதுவும் பொடிதானே" என்று தேய்ப்பில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முந்திரி ஓட்டுப் பால் கையைப் பொசுக்குவதை உங்களைவிட யாருக்குத் தெரியும்? அந்தத் தூளில் ஓட்டுப் பால் ஒட்டியிருக்கும். தொடவே கூடாது. கடலை எண்ணெய், கடலை மாவு ஒத்துக்கொள்ளாத உடம்பும் உண்டு. புதிதாக எதைச் செய்தாலும் முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் பார்த்துவிட்டு அப்புறம் உடம்புக்குப் போடுங்கள். குளிக்கிற இடம் எண்ணெயில் வழுக்கும், வயதானவர்கள் உட்கார்ந்து தேய்த்துக்கொள்ளட்டும்.

விற்பதாக இருந்தால்

என்னுடைய இரண்டாவது தவறு இது. வீட்டுக்குச் செய்துகொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் உடம்பில் தேய்க்கிற பொருளை விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டமும், 2020-ஆம் ஆண்டு அழகு சாதனப் பொருட்கள் விதிகளும் இதைச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் மருந்து கட்டுப்பாட்டுத் துறைதான் உரிமம் தருகிறது. டப்பா மேல் பொருள்களின் பெயர், தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், நிகர எடை எல்லாம் இருக்கணும். இதைச் சொல்லாமல் நான் திருவிழாவுக்கு அனுப்பி வைத்துவிட்டேன். அந்தக் குழு இப்போது உறுப்பினர் வீடுகளுக்கு மட்டும் செய்கிறது. உரிமத்துக்கு ஒரு குழு தனியாக அலைவதைவிட கூட்டமைப்பு சேர்ந்து கேட்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். வரும் செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம். அதுவரை உள்கடன் எடுத்து டப்பா வாங்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் மூன்று சின்ன டப்பா கொண்டு வாங்க. ஒன்றில் மாவு மட்டும், ஒன்றில் மெழுகு மட்டும், ஒன்றில் இரண்டும். மூன்றையும் மூடி, ஓட்டு வீடு என்றால் பரணில், தகரக் கொட்டகை என்றால் கூரைக்குக் கீழே, ஏழு நாள் வைத்திருங்கள். எட்டாவது நாள் எண்ணெய் எத்தனை விரல் மேலே நிற்கிறது என்று அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு வரணும். என்ன எண்ணெய், எத்தனை ஸ்பூன் மாவு என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.