கோழியிடமும் மனிதரிடமும் ஒரே கிருமி: பெயர் வைத்தது எப்படி?

"வயித்தால போகுது டாக்டர், இது என்ன கிருமி?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். நல்ல கேள்விதான். கிருமி இன்னதென்று தெரிந்தால்தான் அது எங்கிருந்து வந்தது, எப்படித் தடுப்பது என்று சொல்ல முடியும். சித்த மருத்துவத்திலும் சுரத்தை வாதசுரம், பித்தசுரம், கபசுரம் என்று பிரித்தறிந்த பிறகுதானே மருந்து?

சரி, அதுவரை பெயரே இல்லாத கிருமியாக இருந்தால்? அப்படி ஒன்றுக்குப் பெயர் வைத்த கதையைப் பார்ப்போம்.

ஆள் மாறாட்டம்

கோழிகளின் குடலிலும் ஈரலிலும் வளைந்த உருவமுள்ள ஒரு பாக்டீரியா கிடைத்தது. வயிற்றுப்போக்கு வந்த மனிதர்களின் மலத்திலும் அதே மாதிரி ஒன்று. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் 'கேம்பைலோபாக்டர்' போலவே இருக்கும். அதுவும் கோழியிடமிருந்து மனிதருக்கு வந்து பேதியை உண்டாக்கும் கிருமிதான். இரண்டுமே குறைந்த ஆக்ஸிஜனில் வளர்பவை. 42 டிகிரி செல்சியஸ் சூட்டையும் தாங்குபவை. கோழியின் உடம்புச் சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான்! அதனால் ஒன்றை மற்றொன்றாக நினைப்பது சுலபம்.

குலம் கண்டுபிடித்தது எப்படி?

உருவத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அதனால் விஞ்ஞானிகள் கிருமியின் மரபணுவைப் படிக்கிறார்கள். புரதம் தயாரிக்க எல்லா பாக்டீரியாவிடமும் '16 எஸ்' என்ற ஒரு மரபணுப் பகுதி உண்டு. சுமார் 1500 எழுத்து நீளம். தலைமுறை தலைமுறையாக மிக மெதுவாகத்தான் மாறும். இரண்டு கிருமிகளின் எழுத்துகளை வரிசையாக ஒப்பிட்டால் யார் பங்காளி, யார் தூரத்து உறவு என்று தெரிந்துவிடும்.

ஜான் ஸ்டான்லியும் அவருடைய சகாக்களும் இப்படி ஒப்பிட்டு, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கிருமி கேம்பைலோபாக்டர் அல்ல. நம் வயிற்றில் அல்சரை உண்டாக்கும் 'ஹெலிகோபாக்டர் பைலோரி'யின் உறவு. ஆனால் பைலோரியும் அல்ல, புது இனம்! அதற்கு 'ஹெலிகோபாக்டர் புல்லோரம்' என்று பெயர் வைத்தார்கள். ஹெலிகோபாக்டர் என்பது குடும்பப் பெயர் மாதிரி. புல்லோரம் சொந்தப் பெயர். லத்தீனில் 'கோழிக்குஞ்சுகளின்' என்று பொருள்.

இதில் ஒரு வேடிக்கை. பைலோரியையே முதலில் கேம்பைலோபாக்டர் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். 1989-ல்தான் அதற்குத் தனிக்குடித்தனம் கிடைத்தது.

பெயர் வைத்தால் முடிந்ததா?

இல்லை. புல்லோரம் என்று எண்ணியிருந்த சில மனிதக் கிருமிகளை மறுபடி சோதித்தபோது, அவை வேறு இனம் என்று தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட ரசாயனத்தைப் புல்லோரம் உடைக்காது; இவை உடைத்தன. மரபணுவும் ஒத்துப்போகவில்லை. 2000-ல் அவற்றுக்கு 'ஹெலிகோபாக்டர் கனடென்சிஸ்' என்று பெயரிட்டார்கள். பிறகு அது காட்டு வாத்து வகைப் பறவைகளிடமும் காணப்பட்டது. பாருங்கள், பெயர் பிரிந்ததும் ஒன்றுக்குக் கோழி, இன்னொன்றுக்குக் காட்டுப் பறவை என்று தேடும் இடமும் பிரிகிறது.

ஒன்றை மறக்காதீர்கள். நோயாளியிடம் ஒரு கிருமி இருந்தாலே அதுதான் நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டக்கூடாது. புல்லோரம் நோயில்லாத கோழிகளிடமும் இருக்கிறது. பெயர் வைப்பது விசாரணையின் தொடக்கம், தீர்ப்பு அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது

கோழியிலிருந்து எந்தக் குடல் கிருமி வந்தாலும் சமையலறையில் தடுக்கும் வழி ஒன்றுதான்.

• பச்சைக் கோழியைக் குழாயடியில் வேகமாக அலசாதீர்கள். தெறிக்கும் நீரில் கிருமி பரவும்.

• கறி வெட்டிய கத்தி, பலகையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் காய்கறி நறுக்காதீர்கள். கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

• எலும்பு ஓரம் சிவப்பு இல்லாமல் நன்றாக வேகவிடுங்கள்.

• பேதி கண்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு (தலை தட்டி அளந்து) கலந்து அடிக்கடி கொடுங்கள். கஞ்சியும் மோரும் நல்லது.

• மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குழந்தைக்குச் சிறுநீர் குறைவது, கண் குழி விழுவது, இவற்றில் எது தெரிந்தாலும் கைவைத்தியம் வேண்டாம்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் "இது எதுக்கு வீண் செலவு?" என்று தள்ளிப்போடாதீர்கள். கிருமியின் சரியான பெயர் அங்கேதான் தெரியவரும்.