பூனையின் விழித்திரை

மரைன் ஹில் சரிவில் அந்தி சாய்ந்தபின் மீன் வாசனையை நாடி வரும் பூனையின் கண்கள் மின்னுவதைக் காணலாம். விழித்திரைக்குப் பின்னுள்ள பளபளப்பான படலமே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. விழித்திரை மெலிந்துபோன பூனையின் கண்களோ இன்னும் மிகுதியாக மின்னும். அது நலத்தின் அறிகுறியன்று.

அபிசீனியப் பூனைகள் சில, நல்ல பார்வையுடன் பிறந்து, சில ஆண்டுகளிலேயே பார்வையை முற்றும் இழக்கின்றன. சுவீடன் நாட்டுக் கால்நடைக் கண் மருத்துவர் கிரிஸ்டினா நார்ஃப்ஸ்ட்ரம் 1980-களில் இந்நோயை ஆராய்ந்தார். 2007-இல் காரணமும் புலப்பட்டது: மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது.

ஓர் எழுத்தால் என்ன ஆகும்? நீக்கப்படவேண்டிய பகுதியிலிருந்து நான்கு எழுத்துகள் மரபுச் செய்தியில் தங்கிவிட்டன. செல் அச்செய்தியை மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கும். நான்கில் மூன்று போக ஒன்று எஞ்சும். அவ்வொன்றே பின்வருவன அனைத்தையும் குலைக்கும். 'மரம் கடல் படகு' என்பதன் முன் 'நி' சேர்த்து மும்மூன்றாகப் பிரியுங்கள்: 'நிமர ம்கட ல்பட கு'. பொருள் எங்கே? இவ்வாறு படிக்கும் செல், புரதத்தை முடிக்காமல் பாதியில் நிறுத்திவிடுகிறது.

சி.இ.பி.290 எனப்படும் அப்புரதம் விழித்திரைச் செல்லின் இரு பகுதிகளை இணைக்கும் குறுகிய பாதையில் வாயிற்காவலன் போல் நிற்பது. அது குறைபட்டால், ஒளியை உணரும் பொருள்கள் உரிய இடம் சேரா. முதலில் மங்கிய ஒளியில் பார்க்கும் கோல் செல்கள் மடியும். பின்னர்க் கூம்புச் செல்கள். பழகிய வீட்டில் மீசை மயிராலும் நினைவாலும் பூனை தடுமாறாது நடக்கும். நாற்காலியை இடம் மாற்றிய அன்றே வீட்டார் உண்மையை அறிவர்!

இதே மரபணுவின் பிழை மனிதக் குழந்தைகளிலும் பிறவிப் பார்வையின்மைக்குக் காரணமாவதை 2006-இல் கண்டறிந்தனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய் தோன்றும். இருவரும் நோயின்றிப் பிழையை மட்டும் சுமப்பவராயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் தமிழரிடையே நெடுநாளாக உள்ளது. இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் வாய்ப்பு அங்கே கூடுகிறது. மாலைக்கண் என்றவுடன் கீரையும் ஈரலும் போதுமென்று இருந்துவிடலாகாது. வைட்டமின் 'ஏ' குறைவால் வந்ததை உணவும் மருந்தும் தீர்க்கும்; மரபுவழி வந்ததைத் தீர்க்கா. எது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

சொற்பொருள்: அந்தி – மாலைப்பொழுது; புலப்பட்டது – தெரியவந்தது; எஞ்சும் – மீதமாகும்.

வினாக்கள்
1. நான்கு எழுத்துகளுக்கு மாறாக மூன்று எழுத்துகள் தங்கியிருந்தால் பின்வரும் சொற்கள் குலையுமா? 'மரம் கடல் படகு' என்பதைக் கொண்டு விளக்குக.
2. கோல் செல்கள் முதலில் மடிவதால் நோயுற்ற பூனை எப்பொழுதில் முதலில் தடுமாறும்?