ஐந்தாம் ஸ்தலத்துச் சீமோன்

அன்புத் தம்பிக்கு,

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமக் கோயில் சுவரில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதையின் 14 ஸ்தலங்களையும் வரையும் வேலை உனக்குக் கிடைத்திருப்பதாகச் சேதி வந்தது. வாழ்த்துகள். இயேசுவைக் கறுப்பாக வரையப்போகிறாயாம். நல்ல முடிவுதான். ஆனால் நிறத்தை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று தூரிகையைக் கழுவி வைத்துவிடாதே.

உலகமெங்கும் வீட்டுச் சுவர்களில் தொங்கும் வெளுத்த முகத்து இயேசுவின் அச்சுப்படம் அப்படியொன்றும் பழையது அல்ல. அமெரிக்காவின் வார்னர் சால்மன் வரைந்த படம் 1940இல் வந்தது. 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சானதாகச் சொல்வார்கள். அதற்கு மாற்று தேடியவர்களும் நம் நாட்டில் உண்டு. கோவாவில் பிறந்து சாந்திநிகேதனில் பயின்ற ஆஞ்செலோ த ஃபொன்சேகா, மாதாவுக்குச் சேலை கட்டி மாநிறத்தில் வரைந்தார். கோவாக் கத்தோலிக்கர்கள் பலர் கொதித்தார்கள். அவர் பூனாவுக்குப் போய் ஓர் ஆசிரமத்தில் இருந்துகொண்டு வரைந்தார். சென்னையின் பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டித் தட்டிக் கிறிஸ்துவைச் செய்தார். அவர் தோல் நிறத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. உருவத்தையே நம் ஊர்க் கோயில் கவசங்களின் முறையில் யோசித்தார். ஐரோப்பிய உடற்கட்டின் மேல் கறுப்புச் சாயம் பூசுவதைவிட அது கடினமான வழி.

அடுத்தது, சவுக்கு யார் கையில் இருக்கிறது என்பது. இத்தாலியின் படுவா நகரில் ஜியோட்டோ 1305 வாக்கில் வரைந்த சிற்றாலயச் சுவரோவியங்களில் இயேசுவைக் கேலிசெய்யும் காட்சி ஒன்று உண்டு. கம்பை ஓங்கி நிற்பவன் கறுப்பன். அடி வாங்குபவர் வெள்ளை. எழுநூறு ஆண்டாக ஓடிவரும் பழக்கம் இது. (நம் சினிமா அடியாட்களின் நிறத்தைச் சொல்லவே வேண்டாம்.) நீ இயேசுவைக் கறுப்பாக்கிவிட்டு, ரோமச் சிப்பாய்க்கு மாதிரியாகச் சேரிப் பையனையே நிறுத்தினால் பழைய கணக்கு அப்படியேதான் இருக்கும்.

உன் திறமையெல்லாம் காட்ட வேண்டிய இடம் ஐந்தாம் ஸ்தலம். சிரேனே ஊர்ச் சீமோன் இயேசுவின் சிலுவையைச் சுமக்கிறான். சிரேனே இன்றைய லிபியாவில் இருக்கிறது. ஜெபப் புத்தகம் அவன் உதவினான் என்கிறது. மாற்கு நற்செய்தி சொல்வது வேறு. வயல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த வழிப்போக்கனைப் பிடித்துக் கட்டாயப்படுத்திச் சுமக்க வைத்தார்கள். ஊர்ப் பிணத்தைப் புதைப்பதும், செத்த மாட்டைத் தூக்குவதும், பறையடித்துச் சாவுச் சேதி சொல்வதும் தலைமுறை தலைமுறையாகச் சிலர் தலையில் கட்டப்பட்ட மண்ணில் இதை விளக்கவே வேண்டியதில்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகள் மீட்கப்பட்டார்கள். முதியவர் ஒருவர் அதிகாரி காலில் விழுந்த படம் நாடெங்கும் பரவியது. இப்படியிருக்க, சீமோனைச் சாந்தமான புன்னகையோடு வரைய உனக்கு எப்படி மனம் வரும்?

காயங்களை வரைவதற்கு ஓவியர் க்ரூனவால்டைப் பார். 1512–16இல், அந்தோணியார் சபை மடத்து மருத்துவமனை ஒன்றுக்காக வரைந்த பீடப்படம் அது. பூஞ்சை பிடித்த தானியத்தைத் தின்று கைகால் அழுகிய நோயாளிகள் அங்கே கிடந்தார்கள். அவர்கள் பார்த்த கிறிஸ்துவின் தோல் பச்சை பாய்ந்திருக்கிறது, உடம்பெல்லாம் முள் குத்திய புண்கள், ஆணியடித்த கைகளில் விரல்கள் விறைத்து விரிந்து மேல்நோக்கி நிற்கின்றன. தன் முன்னால் முழங்கால் போடப்போவது யார் என்று தெரிந்து வரைந்தவன் அவன்.

உன் சுவருக்கு முன்னால் முழங்கால் போடப்போவது யார்? கல் குவாரியிலும் செங்கல் சூளையிலும் நாற்றங்காலிலும் வேலை செய்பவர்கள். அவர்களில் பலருக்குக் கோயிலே சாதி பார்த்த அனுபவம் உண்டு. திருச்சி மேலப்புதூரில் தலித் கிறிஸ்தவரின் கல்லறைகளைப் பிரித்து நடுவில் சுவர் நிற்கிறது. 2008இல் எறையூரில் கிறிஸ்தவருக்குள்ளேயே சாதிச் சண்டை மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிச் சலுகையும் போய்விடுகிறது.

அதனால் கறுப்பு இயேசுவைக் கண்டதும் எல்லாரும் மகிழ்ந்துபோவார்கள் என்று எண்ணாதே. எந்த நிறத்தைச் சொல்லி வாழ்நாளெல்லாம் ஏசினார்களோ, அதே நிறத்தைப் படித்த பையன் ஒருவன் வந்து சாமிக்குப் பூசுவதைச் சிலர் அவமானமாகவே எடுத்துக்கொள்ளலாம். அதை அறியாமை என்று சொல்லிவிட நமக்கு உரிமையில்லை. இன்னொன்று, ஏழையின் வேதனையைப் பார்ப்பவர் கண்ணுக்கு அழகான பொருளாக்குவதும் ஒருவகைச் சுரண்டல்தான்.

பங்குச்சாமியாரிடம் காட்டுவதற்கு முன், இயேசுவின் தோளில் சிலுவையை ஏற்றும் இரண்டாம் ஸ்தலம், சீமோனின் ஐந்தாம் ஸ்தலம் ஆகியவற்றின் பென்சில் படங்களை, அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு எடுத்துப்போ. பெண்களை முதலில் பேசவிடு. "வெள்ளையாவே இருக்கட்டும் தம்பி" என்று யாராவது பாட்டி சொன்னால், மறுபேச்சு பேசாமல் ஏன் என்று கேள். சீமோன் முகம் யாரைப் போல இருக்கிறது என்றும் கேட்டுப் பார். அவர்கள் சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அந்த ஆட்களைப் போய்ப் பார்த்த பிறகு சுவரில் சுண்ணாம்பு அடிக்கச் சொல்.