நான்காவது தங்கம்

ஜப்பான் நாட்டின் வடபகுதியில் ஹச்சினோஹே என்று ஓர் ஊர். கடற்கரை ஊர். அங்கே பெரிய மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அந்த ஊரில் 1984ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் கவோரி. குடும்பப் பெயர் இச்சோ.

கவோரிக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா. அவர்கள் மல்யுத்தம் பழகப் போனார்கள். தங்கை மட்டும் வீட்டில் இருப்பாளா? அவளும் பின்னாலேயே போனாள். பள்ளிக்கூடம் சேரும் முன்பே பிடி போடக் கற்றுக்கொண்டாள்.

பெண் பிள்ளைக்குக் குஸ்தியா என்று கேட்கத் தோன்றும். ஜப்பானிலும் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. அங்கே சுமோ என்று ஒரு பழைய மல்யுத்தம் இருக்கிறது. அந்தச் சுமோ மேடையில் பெண்கள் கால் வைக்கவே கூடாது என்பது கட்டுப்பாடு. நம் நாட்டிலும் பல கோதாக்களில் பெண்களை உள்ளே விடாத வழக்கம் இருந்ததே!

கவோரி பழகியது சுமோ அல்ல. அது பிரீஸ்டைல் மல்யுத்தம். இதில் எதிராளியின் காலையும் பிடிக்கலாம். தரையில் தடித்த மெத்தை விரித்திருப்பார்கள். எதிராளியின் இரண்டு தோள்களையும் மெத்தையில் அழுத்திவிட்டால் உடனே வெற்றி. அது முடியாவிட்டால் புள்ளிக் கணக்கு. மூன்று நிமிடம், சிறிது ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம். ஆறே நிமிடம்தான். ஆனால் ஆறு நிமிடத்தில் உடம்பு சோர்ந்துவிடும். எடை பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். 63 கிலோ பிரிவில் இருப்பவர் 72 கிலோ பிரிவில் இருப்பவரோடு மோத மாட்டார்.

உலகத்தின் பெரிய விளையாட்டு விழா ஒலிம்பிக். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும். அதில் ஆண்களுக்கு நூறு ஆண்டுக்கு முன்பே மல்யுத்தம் உண்டு. பெண்களுக்கு 2004இல்தான் கதவு திறந்தது. கிரீஸ் நாட்டின் ஏதென்ஸ் நகரில் அந்த விழா நடந்தது.

அக்கா சிஹாருவும் தங்கை கவோரியும் சேர்ந்தே அங்கு போனார்கள். அக்கா 48 கிலோ பிரிவில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். தங்கை 63 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். இருவரும் சேர்ந்து தங்கம் வாங்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. 2008இல் சீனாவின் பெய்ஜிங் நகரில் மறுபடி முயன்றார்கள். மறுபடியும் அக்காவுக்கு வெள்ளி, தங்கைக்குத் தங்கம். அந்த ஆசை மட்டும் கடைசிவரை நிறைவேறவில்லை.

பிறகு கவோரி சிறிது காலம் போட்டிகளை விட்டு விலகி இருந்தார். அக்காவோடு கனடா நாட்டுக்குப் போனார். திரும்பி வந்ததும் தன் பழைய பயிற்சி இடத்துக்குப் போகவில்லை. தலைநகர் டோக்கியோவுக்குப் போனார். அங்கே ஆண் வீரர்களோடு மோதிப் பழகினார். இரண்டு தங்கம் வாங்கியவர் மறுபடி மாணவி ஆனார்! ஆண்களின் பிடியும் வேகமும் வேறு. அதையும் கற்க வேண்டும் என்று நினைத்தார்.

2012இல் லண்டன் ஒலிம்பிக். போட்டிக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் இடது கணுக்கால் சவ்வு கிழிந்துவிட்டது. வெளியே சொல்லவில்லை. அந்தக் காலோடு இறங்கி மூன்றாவது தங்கத்தை வாங்கினார்.

2014இல் அவருடைய அம்மா இறந்துபோனார்.

கவோரி 2003இலிருந்து மெத்தையில் தோற்றதே இல்லை. 2007இல் ஒரு முறை காயத்தால் விலகியதோடு சரி. 2016 ஜனவரியில் அவரும் தோற்றார். ரஷ்யாவில் நடந்த போட்டியில் மங்கோலியாவின் பூரெவ்தோர்ஜ் அவரை 10-0 என்று வென்றார். கவோரிக்கு அப்போது வயது 31. இனி முடிந்தது என்று பலர் பேசினார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டு 17. பிரேசில் நாட்டின் ரியோ நகரம். கவோரி இப்போது 58 கிலோ பிரிவில் இருந்தார். இறுதிப் போட்டியில் எதிரே ரஷ்யாவின் வலேரியா கோப்லோவா நின்றார். கவோரிக்கு 1 புள்ளி, கோப்லோவாவுக்கு 2 புள்ளி. நேரம் ஓடியது. கோப்லோவா காலைப் பிடிக்கப் பாய்ந்தார். கவோரி விழவில்லை. பிடியைச் சமாளித்தார். மெல்ல மெல்ல எதிராளியின் முதுகுப் பக்கம் போனார். இன்னும் சில நொடிகளே மீதி. நடுவர் 2 புள்ளி காட்டினார். 3-2! கடைசியில் அம்மாதான் தனக்கு உதவினார் என்றார் கவோரி.

தனி வீராங்கனையாக அடுத்தடுத்து நான்கு ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய முதல் பெண் அவர்தான். எந்த விளையாட்டிலும் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அதைச் செய்ததில்லை. உலகப் போட்டிகளிலும் 10 முறை பட்டம் வென்றிருக்கிறார்.

இதில் நமக்கும் ஒரு சேதி இருக்கிறது. அரியானா மாநிலத்துச் சாக்ஷி மாலிக்கும் அதே 58 கிலோ பிரிவில்தான் ஆடினார். கால் இறுதியில் கோப்லோவாவிடம் தோற்றார். ஆனால் விதி ஒன்று உண்டு. இறுதிக்குப் போனவரிடம் தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்புத் தருவார்கள். கோப்லோவா இறுதிக்குப் போனதால் சாக்ஷிக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. சாக்ஷி முதலில் வென்றது யாரைத் தெரியுமா? கவோரியைத் தோற்கடித்த அதே பூரெவ்தோர்ஜை! அடுத்த போட்டியிலும் வென்று வெண்கலம் வாங்கினார். இந்தியப் பெண் ஒருவர் மல்யுத்தத்தில் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

ஜப்பான் அரசு கவோரிக்கு மக்கள் மதிப்பு விருது தந்தது. பேரும் புகழும் இருந்தால் தொல்லை வராது என்று நினைக்கிறோம். அவருக்கும் வந்தது. அது வெளியே தெரிந்தது 2018இல்தான்.

அவர் பழைய இடத்தை விட்டு டோக்கியோ போனார் அல்லவா? அது தலைமைப் பயிற்சியாளருக்குப் பிடிக்கவில்லை. அவர் கவோரியைப் பயிற்சி செய்யவிடாமல் பல ஆண்டுகளாகத் தடுக்கிறார் என்று அரசிடம் புகார் போனது. மல்யுத்தச் சங்கம் முதலில் மறுத்தது. பிறகு விசாரணைக் குழு அமைத்தார்கள். புகாரில் சொன்ன சில செயல்கள் உண்மை, அவை அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய துன்புறுத்தல் என்று குழு சொன்னது. சங்கம் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பயிற்சியாளர் பதவியை விட்டார். நான்கு தங்கம் வாங்கிய பெண்ணுக்கே இந்த நிலை. பதக்கம் இல்லாத பெண் புகார் சொன்னால் காது கொடுத்திருப்பார்களா?

அதே 2018இல் கவோரி மறுபடி மெத்தையில் இறங்கினார். வயது 34. டிசம்பரில் ஜப்பான் தேசியப் போட்டியின் இறுதியில் ரிசாகோ கவாயை வென்றார். ரிசாகோ ரியோவில் வேறு எடைப் பிரிவில் தங்கம் வாங்கியவர். கவோரியை விடப் பத்து வயது இளையவர். ஐந்தாவது ஒலிம்பிக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் 2019 ஜூலையில் இருவரும் மீண்டும் மோதினார்கள். நெருக்கமான போட்டி. இந்த முறை ரிசாகோ வென்றார். 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் அந்த இடத்தில் ஆடித் தங்கமும் வாங்கினார்.

படித்த பின் பேசுங்கள்: ரியோவில் தங்கம் வாங்கியபோது கவோரிக்கு வயது என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் பெண்கள் என்ன விளையாட்டு ஆடுகிறார்கள்? அவர்கள் பழகுவதற்கு இடம் இருக்கிறதா?