ராணுவத் துப்பாக்கிகள்: தானியங்கியும் அரைத் தானியங்கியும்

மும்பைவாசிகளான நமக்கு ஏகே-47 என்ற பெயர் புதிதல்ல. 1993 மார்ச் 12 தொடர் குண்டுவெடிப்பு வழக்கின்போது, அதே அமைப்பில் சீனா தயாரித்த ஏகே-56 பற்றி நாள்தோறும் படித்தோம். 2008 நவம்பர் 26 இரவு, நாம் ஊருக்கு மெயில் ஏறும் வி.டி. நிலையத்தில், வெளியூர் வண்டிகளுக்காகக் காத்திருந்தவர்கள் மீது இத்தகைய துப்பாக்கிகளால் சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆயினும் தானியங்கி, அரைத் தானியங்கி, இயந்திரத் துப்பாக்கி என்ற சொற்களை நம் நாளேடுகள் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதிவிடுகின்றன. மாதுங்காவில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள், "சார், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

மூன்று வகைகள்

முதல் வகை, கையால் இயக்குவது. நம் போலீசார் நெடுங்காலம் வைத்திருந்த .303 ரைபிள் இவ்வகை. ஒரு குண்டு சுட்டதும், போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். நன்கு பழகியவர் நிமிடத்துக்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுடலாம்.

இரண்டாம் வகை, அரைத் தானியங்கி. அடுத்த தோட்டா தானாகவே ஏறிவிடும். ஆனால் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான். மறுபடி சுட, விரலைத் தளர்த்தி மீண்டும் அழுத்த வேண்டும்.

மூன்றாம் வகை, தானியங்கி. விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை, அல்லது தோட்டாக்கள் தீரும் வரை, குண்டுகள் தொடர்ந்து பாயும்.

டைப்ரைட்டிங் படித்துப் பம்பாய்க்கு வேலை தேடி வந்த நம்மவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். டைப்ரைட்டரில் ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து. அடுத்த எழுத்துக்கான இடத்துக்குக் காகிதம் தானே நகர்ந்துவிடும். இது அரைத் தானியங்கி. தாராவித் தையல் பட்டறையில் உள்ள மோட்டார் தையல் இயந்திரமோ, காலை மிதியிலிருந்து எடுக்கும்வரை தைத்துக்கொண்டே போகும். இது தானியங்கி.

உள்ளே நடப்பது என்ன?

மருந்து வெடித்ததும் வாயு விரிந்து குண்டை முன்னே தள்ளுகிறது. பல ராணுவ ரைபிள்களில், குழலிலுள்ள சிறு துளை வழியே அந்த வாயுவில் ஒரு பகுதி பிரிந்து, ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். போல்ட் பின்னே சென்று காலித் தோட்டாவை வெளியே எறியும். பிறகு சுருள்வில் அதை முன்னே தள்ள, அடுத்த தோட்டா ஏறும். இதுவரை இரு வகைக்கும் ஒன்றே.

வேறுபாடு விசைப் பகுதியில்தான் உள்ளது. அரைத் தானியங்கியில், விரல் தளரும்வரை சுத்தியலை ஒரு கொக்கி பிடித்து நிறுத்துகிறது. தானியங்கியில், போல்ட் மூடியவுடன் சுத்தியல் விடுபட்டு மீண்டும் அடிக்கிறது.

ஏகே-47இல் இரண்டும் உண்டு. வலப்பக்க நெம்புகோல் மேலே இருந்தால் பூட்டு, நடுவில் தானியங்கி, கீழே ஒற்றைச் சுடல். தானியங்கி நிலையில் அதன் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டுகள். 30 தோட்டாக்கள் கொண்ட மேகசின் மூன்றே விநாடிகளில் காலியாகிவிடும். குழலும் மேல்நோக்கித் துள்ளிக் குறி தவறும். ஆகவே பயிற்சி பெற்ற சிப்பாய் பெரும்பாலும் ஒற்றையாகவே சுடுவார்.

நம் ராணுவத்தின் அனுபவம்

1962 சீனப் போரில் நம் வீரர்களிடம் இருந்தது .303. அதன்பின் இஷாப்பூரில் தயாரான 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். படைக்கு வந்தது. அது அரைத் தானியங்கி. 1987 முதல் 1990 வரை இலங்கை சென்ற அமைதிப்படை, நீளமும் கனமும் மிகுந்த இந்த ரைபிளுடன், ஏகே ரகத் துப்பாக்கி ஏந்திய விடுதலைப் புலிகளை எதிர்கொண்டது. பின்னர் வந்த இன்சாஸ் 5.56 மி.மீ. ரைபிளில் ஒற்றைச் சுடலும், ஓர் அழுத்தலுக்கு மூன்று குண்டு பாயும் முறையும் இருந்தன. தோட்டா வீணாகாமல் காக்க எடுத்த நடுவழி அது. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் ஏகே அமைப்பில் 'டார்' என்னும் ரைபிளைத் தயாரித்துள்ளது.

சட்டம் சொல்வது

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதே வேறுபாட்டைத்தான் அளவுகோலாகக் கொள்கிறது. விசையில் அழுத்தம் இருக்கும்வரை, அல்லது மேகசின் தீரும்வரை, தொடர்ந்து சுடும்படி அமைந்த துப்பாக்கி 'தடை செய்யப்பட்ட ஆயுதம்' ஆகும். மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் எவரும் அதை வைத்திருக்க முடியாது. 2019 திருத்தத்தின்படி, மீறுவோருக்குக் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை. ஆகையால் கைப்பற்றப்பட்டது எந்த வகை என்று செய்தியில் சரியாக எழுதுவது, வழக்கின் தன்மையையே விளக்குவதாகும்.

வேறுபாட்டின் விலை

அந்த நவம்பர் இரவில் வி.டி.யில் நின்ற காவலர்கள் பலரிடம் தடியோ பழைய ரைபிளோதான் இருந்தது. ஒருவர் போல்ட்டை ஒருமுறை இழுத்து மூடுவதற்குள் எதிரியின் துப்பாக்கி பல குண்டுகளைக் கக்கிவிடும். துணிவு அங்கே குறையவில்லை. கருவிதான் ஒரு தலைமுறை பின்தங்கியிருந்தது. இதற்குப் பிறகே மகாராஷ்டிர அரசு போலீசாருக்குப் புதிய ஆயுதங்கள் வாங்கியது. 'போர்ஸ் ஒன்' என்ற கமாண்டோ படையையும் அமைத்தது.

அதே இரவு கிர்காவ் சௌபாத்தியில், கையில் தடி மட்டுமே வைத்திருந்த உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே, கசாபின் துப்பாக்கிக் குழலைப் பற்றிக்கொண்டார். குண்டுகள் அவர் உடலில் பாய்ந்தன. பிடியை அவர் விடவில்லை. அதனால் உடனிருந்த காவலர்கள் கசாபை உயிருடன் பிடித்தனர். 2009இல் ஓம்ப்ளேக்கு அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது. விசையை அழுத்தியிருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் துப்பாக்கி அது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், அவர் பற்றியது எதை என்பது நம் பிள்ளைகளுக்கு விளங்கும்.